இறங்கிய கை

அவள் பகலில் அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பாள். ஆட்டம் இருக்கும் மாலைகளில் உள்ளரங்கத்தின் ஓரத்து நீள மேசையில் உட்கார்ந்து கடிகாரத்தை ஓட்டுவாள். இரண்டு இடத்திலும் அவளுக்கு ஒரே பெயர்தான், எக்ஸ்ரே அக்கா. பதினாறு வருடத்தில் ஊர் அணி தன் சொந்த அரங்கத்தில் ஆடிய ஒரு கூடைப்பந்து ஆட்டத்தையும் அவள் தவறவிட்டதில்லை. ஒன்றையும் ஒழுங்காகப் பார்த்ததுமில்லை. அவள் கண் பந்தின் மேலும் நடுவரின் கையின் மேலுமே இருக்கும். யார் எப்படிப் புள்ளி எடுத்தார்கள் என்பதை வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்வாள். அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்க்கும் அந்த மனிதர் மேல் வரிசையில் நின்று தொண்டை கட்டும்வரை கத்திவிட்டு வருவார்.

வேலை என்னவோ சின்னதுதான். நடுவர் ஊதினால் கடிகாரத்தை நிறுத்த வேண்டும். வெளியிலிருந்து எறியும் பந்து உள்ளே நிற்பவர் கையில் பட்டதும் ஓடவிட வேண்டும். அதற்கு ஒரு பச்சைப் பொத்தானும் வலது கட்டைவிரலும் போதும். நேரம் தீர்ந்தால் வளையத்துக்குப் பின்னால் சிவப்பு விளக்கு எரியும், சத்தம் கேட்கும். அதற்கு முன் பந்து கையை விட்டிருந்தால் செல்லும். இல்லையென்றால் செல்லாது.

ஒரு வருடம், கடைசி ஆட்டத்தில் ஊர் அணி ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. கடிகாரத்தில் மிச்சம் பூஜ்யம் புள்ளி எட்டு நொடி, அதாவது ஒரு நொடிகூட முழுசாக இல்லை. பந்து இவர்கள் கையில். ஓரத்திலிருந்து எறிந்தார்கள். வளையத்துக்கு முதுகைக் காட்டி நின்றவன் பிடித்தான், ஒரு தட்டுத் தட்டினான், திரும்பினான், விட்டான். பந்து காற்றில் இருக்கும்போது விளக்கு எரிந்தது. உள்ளே விழுந்தது.

அரங்கமே ஆடிப்போயிற்று. நடுவர்கள் மூவரும் வீடியோ பெட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தார்கள். அவர்கள் பார்க்க வேண்டியது விளக்குக்கு முன் பந்து கையை விட்டதா என்பது மட்டும்தான். விட்டிருந்தது. அந்தக் கடிகாரத்தையே சரியான நேரத்தில் ஓடவிட்டார்களா என்று கேட்க அப்போதைய விதியில் இடமில்லை. புள்ளி செல்லும் என்றார்கள்.

எதிரணியில் அவனைத் தடுத்து நின்றவனுக்குத் தூண் என்று பெயர். முப்பத்தாறு வயது, அதுதான் அவனுக்குக் கடைசி ஆட்டம். கூட்டம் உள்ளே இறங்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தபோது அவன் மட்டும் மேசைக்கு வந்தான்.

"நேரம் முடிஞ்சுதானம்மா இருந்துச்சு?" என்றான். சண்டைக்கு வந்தவன் குரல் இல்லை. வழி கேட்பவன் குரல்.

அவள் பொத்தான் பெட்டியின் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

மறுவாரம் எதிரணி முறையிட்டது. லீக் அலுவலகத்தில் மூன்று பேர் விசாரித்தார்கள். பந்து கையில் பட்டதைப் பார்த்த உடனே அழுத்தினீர்களா என்று கேட்டார்கள். "ஆமா" என்றாள். எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்கினார்கள். அத்தோடு முடிந்தது.

ஊருக்கு மட்டும் முடியவில்லை. பழக்கடைக்காரர் கண்ணடித்தார். மருத்துவமனையில் எலும்பு டாக்டர் ஊழியர்கள் முன்னால் அவள் கட்டைவிரலைப் பிடித்துத் தூக்கிக் காட்டி, "இதுக்குத்தான்யா கோப்பை குடுக்கணும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அன்று முழுக்க அந்த விரலைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டே திரிந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை புருஷன் அந்த ஆட்டத்தை மறுபடி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி இடம் வந்ததும், "இந்தத் தூங்குமூஞ்சியப் பாரு" என்று சிரித்தார். தூண் என்ற பெயர் அதற்குள் ஊர் ஊராய்த் தூங்குமூஞ்சி என்று மாறியிருந்தது. அவள் கையில் இருந்த துணியை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். முதன்முறையாக முழுசாகப் பார்த்தாள்.

தூண் இரண்டு கையையும் உயர்த்தி அடைத்துக்கொண்டு நிற்கிறான். ஊர் அணிக்காரன் திரும்புகிறான். பந்தை விடுவதற்குச் சற்று முன்னால் தூணின் கை தானாக இறங்குகிறது. தட்டுவதற்கோ பிடிப்பதற்கோ இறங்கவில்லை. வேலை முடிந்து மேசையை விட்டு எழுந்திருப்பவன் கைபோல இறங்குகிறது. அந்த இடைவெளியில்தான் பந்து போகிறது.

"ஏன் கையை இறக்குறாரு?"

"நேரம் முடிஞ்சுபோச்சுன்னு நெனச்சாராம். பேப்பர்ல சொன்னாரு. இருபது வருஷம் ஆடுன ஆளுக்கு இதுகூடத் தெரியல பாரு."

புருஷன் மாவு வாங்கக் கடைக்குப் போனதும் அவள் கணினியில் அதைத் திறந்தாள். ஒரு நொடிக்கு இருபத்தைந்து தனிப் படம், இருபத்தைந்து ஃபிரேம். நிழலில் மயிரிழை விரிசல் தேடிப் பழகிய கண் அவளுடையது. பந்து விரலில் பட்ட ஃபிரேமிலிருந்து கடிகாரம் நகர்ந்த ஃபிரேம்வரை எண்ணினாள். பத்து. அதே ஆட்டத்தில் தான் அழுத்திய மற்ற இடங்களையெல்லாம் தேடித் தேடி எண்ணினாள். எல்லாவற்றிலும் ஐந்து. ஒன்றிரண்டில் ஆறு. அந்த ஒரு தடவை மட்டும் பத்து. அதிகப்படி ஐந்தைக் கழித்துப் பார்த்தாள். விளக்கு எரிந்திருக்க வேண்டிய ஃபிரேமில் தூணின் கை இறங்கிக்கொண்டிருந்தது. பந்து இன்னும் ஊர் அணிக்காரன் கையில்தான் இருந்தது.

அவன் உடம்புக்கு நேரம் தெரிந்திருந்தது. தப்பு அவள் விரலில்.

அதற்குப் பிறகு அந்தக் கை அவளை விடவில்லை. எக்ஸ்ரே மேசையில் யாராவது கையை நீட்டினால் அது தெரிந்தது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருந்தவர் இறங்கும் இடம் வந்து கையை எடுத்தால் தெரிந்தது. சோற்றில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருப்பாள். அவளை அரித்தது தாமதம்கூட இல்லை. ஏன் தாமதம் என்பதுதான். அந்தக் கணத்தைத் திரும்ப நினைத்துப் பார்ப்பாள். பந்து படுவது தெரியும், பொத்தானின் சூடு தெரியும். நடுவில் ஒன்றுமே இருக்காது. சொந்த ஊர் ஜெயிக்கட்டும் என்று விரல் காத்திருந்ததா, இல்லை வியர்வையில் வழுக்கியதா? அவளுக்கே தெரியவில்லை.

"அஞ்சு ஃபிரேமுக்கா இந்த மூஞ்சி?" என்றார் அவள் சொன்னதைக் கேட்ட புருஷன். "மனுஷ விரல்தானே, விட்டுத் தொலை. நாம இந்த ஊர்ல குடியிருக்கணும்."

விட்டுத் தொலைக்கத்தான் பார்த்தாள். மூன்று வருடம் பார்த்தாள். மேசையில் உட்கார்ந்து கடிகாரத்தையும் ஓட்டினாள், ஒவ்வொரு அழுத்தத்தையும் வீட்டில் எண்ணினாள். பிறகு ஒருநாள் விடுப்புப் போட்டுவிட்டு நாலு மணி நேரம் பஸ்ஸில் போனாள்.

தூண் டயர் கடை வைத்திருந்தான். காருக்கு அடியிலிருந்து எழுந்தவன், எழுந்துகொண்டே இருந்தான், அவ்வளவு உயரம். அவளை உடனே அடையாளம் கண்டுகொண்டான். துணியில் கையைத் துடைத்தான்.

"லேட்டா அழுத்துனேன்" என்றாள். பஸ்ஸில் யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோயிருந்தது. "பத்து ஃபிரேம். எப்பவும் அஞ்சுதான். நீங்க கையை இறக்குனப்ப நேரம் முடிஞ்சிருக்கணும். நீங்க சொன்னதுதான் சரி."

அவன் ஒரு டயரின் மேல் உட்கார்ந்தான். பிறகு கடைக்குப் பின்னால் இருந்த வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டான். மனைவி வந்தாள்.

"இவங்ககிட்டயும் சொல்லுங்க" என்றான்.

அவள் மறுபடி சொன்னாள். இரண்டாம் தடவை இன்னும் கஷ்டமாக இருந்தது.

மனைவி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "எங்க மாமனாரு சாகுறவரைக்கும் அந்தக் கோபத்துல இவரோட பேசல. பேச்சே இல்ல. இதச் சொல்ல உங்களுக்கு மூணு வருஷமா?" என்றாள். பதிலுக்கு நிற்காமல் உள்ளே போனாள். ஆனால் சற்று நேரத்தில் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தாள்.

"வேணும்னே பண்ணீங்களா?" என்று கேட்டான் தூண்.

"தெரியல தம்பி. சத்தியமா தெரியல."

"எனக்கு அது தெரியணும்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. "ராத்திரி படுத்தா அந்த ஒரு நொடியத்தான் எண்ணிப் பாப்பேன். ஒவ்வொரு தடவையும் என் கணக்குல முடிஞ்சிடும். பைத்தியம் புடிச்சிருச்சோன்னு நெனச்சேன். இப்போ பைத்தியம் இல்லைன்னு தெரிஞ்சிருச்சு. ஆனா அதுவும் தெரிஞ்சா நல்லாருக்கும்."

ஊருக்குத் திரும்பியதும் லீக்குக்கு எழுதினாள். விசாரணையில் தான் சொன்னது உண்மையில்லை என்று எழுதி, ஃபிரேம் எண்களையும் வைத்தாள். ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. ஆட்ட முடிவில் மாற்றமில்லை. இனி அவள் சேவை தேவைப்படாது. அவள் எழுதிய கடிதத்தைப் பத்திரிகைக்காரன் ஒருவன் எப்படியோ பிடித்து ஓர் ஓரத்தில் போட்டுவிட்டான். பழக்கடைக்காரர் அவளைக் கண்டால் தராசைத் துடைக்க ஆரம்பித்தார். எலும்பு டாக்டர் எக்ஸ்ரே வேண்டுமென்றால் தாளில் எழுதி அனுப்பினாரே தவிர நேரில் வரவில்லை. புருஷன் ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு அரங்கத்துக்குப் போவதை அவராகவே விட்டுவிட்டார். ஏன் என்று அவளும் கேட்கவில்லை. ஆட்ட நாட்களில் இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு சீக்கிரம் சாப்பிட்டார்கள்.

அந்தப் பத்திரிகைத் துண்டைத் தூண் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறானாம். அவனே போனில் சொன்னான். எப்போதாவது கூப்பிடுவான், பெரும்பாலும் மத்தியானத்தில். உடம்பு எப்படி, வீட்டில் எப்படி என்று கேட்டுவிட்டு, கடைசியாக ஒன்று கேட்பான்.

போன வாரமும் கூப்பிட்டான். வரிசையில் ஆறு பேர் காத்திருந்தார்கள். அவள் ஈய ஏப்ரனோடு கதவுக்கு வெளியே வந்து எடுத்தாள்.

"அக்கா, ஏதாவது ஞாபகம் வந்துச்சா?"

அவள் கண்ணை மூடிப் பார்த்தாள். பந்து பட்டது. பொத்தான் சூடாக இருந்தது.

"இல்லப்பா."

"சரிக்கா. வேலையப் பாருங்க. வந்தா சொல்லுங்க" என்று வைத்துவிட்டான்.

அவள் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.