ஐந்தாவது பாட்டுக்கு முன்னால்

அந்த ஆல்பத்தில் ஐந்தாவது பாட்டு தொடங்குவதற்கு முன், ஒரு பெரிய ஃபேன் சுழன்று அடங்கும் சத்தம் கேட்கும். பிறகு ஒரு கிழவரின் குரல்: "ஃபேனெல்லாம் நிறுத்தியாச்சு. ஆளையும் ஊட்டுக்கு அனுப்பிட்டேன். ஆறு மணி வரைக்கும் ஒருத்தரும் வரமாட்டாங்க, வாசிங்கப்பா." உடனே டிரம்ஸ் இறங்கும்.

அந்தக் குரல் என்னுடையது.

பந்தலூர்ப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் நான் டீமேக்கர்; கொழுந்து தூளாகும் வரை எல்லாம் என் பொறுப்பு. ஓய்வுக்குப் பின்னும் வைத்துக்கொண்டிருந்தார்கள். என் தங்கை மகன் கோவையில் ஃபங்க், சோல் இசைக்குழு ஒன்றில் பேஸ் கிட்டார் வாசிக்கிறான். கொழுந்து வாட்டும் மேல்மாடியின் பலகைத் தரை அவர்கள் ஆல்பத்துக்கு வேண்டுமென்றான். அங்கே டிரம்பெட் எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரியும். கல்லூரி நாட்களில் ஊதியவன் நான். எஸ்டேட் மேனேஜர் துரை லீவில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன்.

அன்று மழையில் நனைந்த கொழுந்து வந்திருந்தது. ஈரக் கொழுந்துக்கு அடியிலிருந்து காற்று போய்க்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் சூடேறிச் சிவந்து வீணாகிவிடும். இதை எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்தவன்தான். ஆனால் ஃபேன் ஓடினால் பதிவு செய்ய முடியாது. மேல்மாடியைப் பார்த்துக்கொண்டவர், சிறு வயதில் இலங்கையிலிருந்து வந்தவர். சாப்பிட்டுவிட்டு ஆறு மணிக்கு மெதுவாக வரலாம் என்று அவரை லயத்துக்கு, தொழிலாளர் வீட்டு வரிசைக்கு, அனுப்பிவிட்டு, குழுவை மேலே ஏற்றினேன். நான்கு மணி நேரம் ஃபேன் ஓடவில்லை.

மறுநாள் கொழுந்தெல்லாம் செம்பு நிறம். லீவு முடிந்து வந்த துரை கேட்டார். "நான் சாயங்காலம் போய்ப் பாத்தப்ப ஃபேன் நின்னுட்டு இருந்துச்சுங்க. அவரு நிறுத்திட்டு மறந்துட்டாரு போல" என்றேன். அவருக்கு வேலை போயிற்று. லயத்து வீடும் போயிற்று.

ஆல்பம் வெளியானபோது தங்கை மகன் போனில் சொன்னான்: "மாமா, உங்க குரலை அப்படியே வெச்சுட்டோம். எல்லாருக்கும் அதுதான் பிடிச்சிருக்கு." எடுத்துவிடு என்று சொல்லத் துணியவில்லை. ஏன் என்று கேட்பான். அன்றிலிருந்து எந்தக் கடையில் டிரம்பெட் கேட்டாலும், டீயை வைத்துவிட்டு எழுந்துவிடுவேன்.

போன மாதம் ஊட்டியிலிருந்து கூடலூர் பஸ்ஸில் வந்தேன். நடுவட்டத்தில் ஒரு மூட்டையோடு ஏறியவர் என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவர்தான், மேல்மாடியைப் பார்த்துக்கொண்டவர்.

"டீமேக்கரய்யா! என்னா இப்பிடி எளைச்சுட்டீங்க? பென்சன் வாங்குறவரு சாப்புட வேணாமா?"

நடுவட்டத்திலேயே கூலி வேலை பார்ப்பதாகச் சொன்னார். அப்போதுதான் என் காதில் விழுந்தது. கண்டக்டர் அந்த ஆல்பத்தைப் போட்டிருந்தார். நான்காவது பாட்டு. அது முடிய இன்னும் இரண்டு நிமிடம்கூட இல்லை என்று தெரிந்தது. பஸ் கொண்டை ஊசி வளைவில் இறங்கிக்கொண்டிருந்தது, குதிக்கவும் முடியாது.

"தம்பி, தலை வலிக்குது. பாட்டை நிறுத்துங்க."

"ஏனுங்க பெரியவரே, அடுத்த பாட்டுதானுங்க இருக்கறதுலயே டாப்பு" என்றபடி கண்டக்டர் நிறுத்தினார்.

பக்கத்தில் இருந்தவர் ஜன்னலைப் பார்த்தபடி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"ஐயா, அன்னைக்கு நீங்க போகச் சொன்னதும், பழக்கத்துல நான்தான் சுவிச்ச அமத்திட்டுப் போயிட்டேன் போல. மொதல்ல இல்லேன்னுதான் சண்ட புடிச்சேன். பொண்டாட்டி தெனமும் சொல்லிச் சொல்லி, இப்ப நான் அமத்துனது எனக்கே ஞாபகம் வருது. ஒங்களுக்கும் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

வாயைத் திறந்தேன். நான்தான் என்று சொல்ல வேண்டும்; அவ்வளவுதான். வரவில்லை. வெறும் காற்றுதான் வந்தது. கண்டக்டரைக் கூப்பிட்டேன்.

"தம்பி, அந்த அடுத்த பாட்டைப் போடுங்க."

"தலவலி அதுக்குள்ள போயிருச்சுங்களா?"

"போடுங்க."

ஃபேன் அடங்கும் சத்தம் வந்தது. அவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"ஐயா! இது நம்ம மூணாம் நம்பர் ஃபேனு. பேரிங் கத்துது கேளுங்க!"

சந்தோஷத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார். என் குரல் வரும் வரை அந்தக் கையை அவர் விடவில்லை.