இங்கிலீஷ் டீச்சரின் சனிக்கிழமை

வெளியூரில் இங்கிலீஷ் டீச்சராக இருக்கும் பெண்ணுக்குப் பள்ளிக்கூடத்தில் ஐந்து மணி நேர வேலை. மீதிப் பத்தொன்பது மணி நேரமும் ஊருக்குப் பதில் சொல்லும் வேலை. பட்டம் வாங்கிய கையோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேற்றூர் போன சகோதரிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

சென்னையில் பி.ஏ. முடித்த நான், தென்காசிப் பெண்கள் பள்ளி ஒன்றுக்கு ஆறு மாதத் தற்காலிக வேலையில் வந்தேன். கார்த்திகையில் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் வருவார். அவரும் பள்ளிக் கமிட்டியும் தலையசைத்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் ஊருக்குத் திரும்பி, அப்பா பார்த்து வைத்திருக்கும் சப்ரிஜிஸ்திரார் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகும் நான் பத்திரிகை படிப்பதில் தமக்கு ஆட்சேபணை இல்லை என்று அந்த மகானுபாவர் எழுதியிருந்தார். அதைப் படித்த அன்றே, இந்த வேலையை விடுவதில்லை என்று தீர்மானித்துவிட்டேன்.

வீடு தேடிய படலம்

நான்கு வீடுகளில் ஒரே கேள்வி: "கூட ஆம்பிளை யாரு?" யாருமில்லை என்றால் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். ஐந்தாவது, கோமதியம்மாள் வீடு. புருஷன் கொழும்பில் வியாபாரம். 'கணவர் ஊரில் இல்லாமல் நீங்கள் தனியே இருக்கலாம், கணவரே இல்லாத நான் தனியே இருக்கக்கூடாதா? இது என்ன நியாயம்?' என்று ஆரம்பித்து, பெண்களின் சுதந்திரத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். கல்லூரி விவாதக் கூட்டத்தில்கூட அவ்வளவு நன்றாகப் பேசியதில்லை. கோமதியம்மாள் வெற்றிலையை மென்றுகொண்டு கடைசிவரை கேட்டாள். பிறகு இடுப்பிலிருந்த சாவியை எடுத்து நீட்டினாள்.

"நீங்க பேசுத பேச்சுக்கு ஒரு ஆம்பிளையும் பக்கத்துல வரமாட்டான். இந்தாங்க சாவி."

குதிரை மருந்து

இங்கிலீஷ் தெரிந்தவள் குடிவந்திருக்கிறாள் என்றதும், அச்சடித்த காகிதம் எல்லாம் என் வாசலுக்கு வந்தது. தையல் மிஷின் புஸ்தகம், பிஸ்கோத்து டின், ரயில் ரசீது. 'தமிழில் எழுதாதது அவர்கள் குற்றமா?' என்று நானும் சளைக்காமல் வாசித்துச் சொன்னேன்.

ஒரு நாள் கோமதியம்மாளின் அண்ணன் காலை வீசி நடந்துவந்து ஒரு சீசாவைக் கொடுத்தார். திருநெல்வேலியில் யாரோ கொடுத்த மூட்டு வலி மருந்தாம். ஆறு நாளாகக் குடிக்கிறாராம். ஏழாவது நாள், வேளைக்கு எத்தனை கரண்டி என்று தெரிந்துகொள்ள வந்திருக்கிறார். நான் சீட்டை வாசித்தேன். அது குதிரைக் காலில் தேய்க்கிற மருந்து. மனிதர் வாயில் படக்கூடாது. மெதுவாகத்தான் சொன்னேன். அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஆறு நாளா வலியே இல்ல டீச்சரம்மா. நீங்க வாசிச்ச பெறவுதான் வலிக்கு."

அருவியடியில் ஒரு மனுத்தாரர்

எனக்கென்று இருந்தது சனிக்கிழமை ஒன்றுதான். விடிந்ததும் மாற்றுப் புடவையும் ஒரு நாவலுமாகக் குதிரை வண்டி ஏறுவேன். குற்றாலத்தில், பெண்கள் பக்கம், அருவிக்கு அடியில் நின்றால் பள்ளிக்கூடமும் கேட்காது, சப்ரிஜிஸ்திராரும் கேட்காது. பிறகு ஒரு பாறையில் ஈரத்தலையை விரித்துப்போட்டு, நேந்திரங்காய் வறுவலைத் தின்றுகொண்டே படிப்பேன். உலகத்தில் ஆண்பிள்ளைகள் தினமும் செய்வதை நான் வாரத்தில் ஒருநாள் செய்தேன். அவ்வளவுதான்.

ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கண்ணை மூடிக்கொண்டு அருவியில் நிற்கிறேன். ஒரு கை என் தோளைப் பிடித்தது. ஜவுளிக்கடை அண்ணாச்சியின் மனைவி. அண்ணாச்சி பள்ளிக் கமிட்டி மெம்பர். அவர்கள் மகள் பேச்சியம்மாள் நாலாம் பாரத்தில் என்னிடம் படிக்கிறாள். குடும்பத்தோடு வண்டி கட்டி வந்திருந்தார்கள். 'பேச்சிக்கு ஏன் இருபத்தெட்டு மார்க்கு?' என்று அந்த அம்மாள் அருவிக்கு மேலே கத்தினாள். 'அவள் எழுதியது அவ்வளவுதான்' என்று நானும் கத்தினேன். அருவியில் நின்ற அத்தனை பெண்களுக்கும் மார்க்கு தெரிந்துவிட்டது. அந்த அம்மாள் கோபிக்கவில்லை. கிண்ணத்திலிருந்த எண்ணெயை என் தலையில் கவிழ்த்துச் சூடு பறக்கத் தேய்த்தாள்.

"போவட்டும், திரும்புங்க, முதுகும் தேய்ச்சு விடுதேன். அடுத்த பரீச்சையில பாத்துப் போடுங்க."

என் மேல் ஒரு மனு

எண்ணெய் தேய்த்த கை சும்மா இருக்கவில்லை. டீச்சர் தனியாக வந்த செய்தி அண்ணாச்சிக்குப் போயிற்று. அதோடு பேச்சியும், 'டீச்சர் மட்டும் தனியா போகுதாங்க, நான் போனா என்ன?' என்று வீட்டில் கேட்டுவிட்டாள். ஐப்பசியில் ஒரு மாலை அண்ணாச்சியே என் வாசலுக்கு வந்தார். இன்ஸ்பெக்ட்ரஸுக்கு இங்கிலீஷில் ஒரு மனு எழுத வேண்டுமாம்.

"யார் மேல், அண்ணாச்சி?"

"ஒங்க மேலதான்."

'அதை என்னிடமா கேட்பது?' என்றேன். அவர் சங்கடத்தோடு மேல்துண்டைச் சரி செய்துகொண்டார். "வக்கீல்ட்ட போனா ஊரெல்லாம் தெரிஞ்சு போவும். ஒங்களுக்குத்தான அசிங்கம்? ஒங்களுக்கு மட்டும் தெரிஞ்சா போதும்லா."

இப்படியும் ஒரு கருணை! எழுத மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வேறு யாராவது எழுதுவார்கள். என்னைப் பற்றிப் பொய் எழுதினால் பொறுப்பேன். கொச்சை இங்கிலீஷில் எழுதினால் பொறுக்கமாட்டேன். காகிதத்தை எடுத்தேன். அவர் 'மூணு சனிக்கிழமை' என்றார். பதினொன்று என்று திருத்தினேன். 'முறுக்குத் தின்றாள்' என்றார். வறுவல் என்று வாதாடி வென்றேன். படித்தது நாவல் என்பதை நானாகவே சேர்த்தேன். முடித்து, தமிழில் சொல்லிக் காட்டினேன். அண்ணாச்சி கையெழுத்துப் போடாமல் என்னையே பார்த்தார்.

"கேக்கவே பதறுது டீச்சரம்மா. நீங்க இவ்வளவுக்கா மோசம்?"

தீர்ப்பு

ஆனாலும் கையெழுத்துப் போட்டார். கார்த்திகையில் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் கமிட்டிக்கு முன்னால் அந்த மனுவைப் பிரித்தார். இரண்டு பக்கத்தையும் படித்தபின், இந்த ஜில்லாவில் இவ்வளவு நல்ல இங்கிலீஷில் மனு வந்ததில்லையே, எழுதியது யார் என்று கேட்டார். அண்ணாச்சிக்குப் பொய் வராது. "நம்ம டீச்சரம்மாதான். வேற யாரு இருக்கா?" என்று என்னைக் காட்டினார். இன்ஸ்பெக்ட்ரஸ் காகிதத்தைக் கொஞ்ச நேரம் முகத்துக்கு நேராகவே வைத்திருந்தார். பிறகு, இப்படி எழுதத் தெரிந்தவளை அனுப்பிவிட்டுப் பிள்ளைகளுக்கு யாரை வைத்துச் சொல்லிக்கொடுப்பதாக உத்தேசம் என்று கமிட்டியைக் கேட்டார். வேலை நிரந்தரம். குற்றச்சாட்டு மட்டும் பாக்கி.

நான் பதினான்கு வாதங்களோடு எழுந்தேன். இரண்டாவதில் இருக்கும்போதே அண்ணாச்சி குறுக்கிட்டார். "தனியா போறதுதான தப்பு? புள்ளைகளயும் கூட்டிட்டுப் போகட்டும்." கமிட்டி முழுவதும் தலையசைத்தது. என் பன்னிரண்டு வாதங்கள் இன்னும் என்னிடமே இருக்கின்றன.

அடுத்த சனிக்கிழமை நான்கு வண்டிகளில் முப்பத்திரண்டு பெண்கள். அருவிக் கரையில் நின்று தலைகளை எண்ணினேன். முப்பத்தொன்று வந்தது, மறுபடி எண்ணினேன், முப்பத்துமூன்று வந்தது. ஒரு குரங்கு யாருடைய பாவாடையையோ தூக்கிக்கொண்டு போயிற்று. நாவல் வண்டியிலேயே கிடந்தது. மத்தியானத்துக்குமேல் பேச்சி, முகமெல்லாம் சிரிப்பாக, நீர் சொட்டச் சொட்ட என் முன்னால் வந்து நின்றாள்.

"நீங்க குளிக்கலையா டீச்சர்? இவ்வளவு தூரம் வந்துட்டு."

ஆகவே சகோதரிகளே, உங்கள் மேல் மனு எழுத உங்களிடமே யாராவது வந்தால், தாராளமாக எழுதிக்கொடுங்கள். ஆனால் தப்பில்லாமல் எழுதினால் வேலை தங்கும், சனிக்கிழமை தங்காது; இங்கிலீஷில் மட்டும் நாலு தப்பு விட்டு வையுங்கள்.