கிழக்குப் பார்த்த கம்ப்யூட்டர்

மூலக்குளத்தில் நான் பிரவுசிங் சென்டர் நடத்திய காலம். இருந்தது ஒரே பிராட்பேண்ட் இணைப்பு. எல்லாக் கம்ப்யூட்டரும் அதைத்தான் பங்கு போட்டுக்கொள்ளும். ஒருவர் பாட்டு இறக்க ஆரம்பித்தால் போதும், பிரான்சிலிருக்கும் பிள்ளையோடு வெப்கேமில் பேசுகிறவர்களுக்குக் குரல் கரகரக்கும், முகம் கட்டம் கட்டமாக உடையும். கத்திக் கத்தி என் தொண்டை போனதுதான் மிச்சம்.

பொறுக்க முடியாமல் புது ரவுட்டர் வாங்கினேன். ஒயர் செருகும் ஓட்டைகளில் ஒன்றுக்கு மட்டும் அதில் முன்னுரிமை கொடுக்கலாம். அதில் இணைத்த கம்ப்யூட்டரின் பேச்சு முதலில் போகும்; மற்றவர்களின் பாட்டெல்லாம் ஆம்புலன்சுக்கு ஒதுங்குவது போல ஒதுங்கி நிற்கும். மூலையிலிருந்த கம்ப்யூட்டரை அதில் இணைத்தேன். குரல் கணீரென்று வந்தது! சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

கேள்விப்பட்டு ஒரு நிச்சயதார்த்தமே கடைக்கு வந்துவிட்டது. பெண் கதிர்காமத்தில் நர்ஸ், மாப்பிள்ளை பிரான்சில். தட்டு மாற்றும் முன் அவரிடம் தானே ஒன்று கேட்க வேண்டும் என்று பெண் ஒற்றைக் காலில் நின்றாளாம். நல்ல நேரம் முடிவதற்குள் கேட்டாக வேண்டும்.

"மூலை கம்ப்யூட்டர்ல ஒக்காருங்க" என்று சொல்லிவிட்டு, வாசலில் குவிந்த செருப்புகளை ஒதுக்கப் போனேன். திரும்பி வந்தால் மாப்பிள்ளையின் அப்பா "அலோ... அலோ..." என்று அலறிக்கொண்டிருந்தார். திரையில் மாப்பிள்ளை வாயைத் திறந்தபடி உறைந்திருந்தார். மானம் போச்சே!

பிறகுதான் கவனித்தேன். அவர்கள் மூலையிலேயே இல்லை.

"யாரு உங்கள இங்க மாத்தி ஒக்கார சொன்னது?"

"அந்த மூல தெக்கப் பாத்து இருக்குதும்மா. நல்ல காரியத்துக்குக் கெழக்கப் பாத்து ஒக்கார வேணாமா?" என்றார் பெண்ணின் அத்தை. எழுந்திருக்கச் சொன்னேன். உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்தால் அபசகுனம் என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு நாலு வார்த்தை நன்றாகக் கேட்டிருப்பேன். ஆனால் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, எதனா பண்ணுக்கா. கேக்காம நான் ஒத்துக்க மாட்டேன்."

ஆட்கள் நகராவிட்டால் என்ன, ஒயர் நகருமே! புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மேஜைக்கு அடியில் புகுந்தேன். ரவுட்டரில் மூலைக் கம்ப்யூட்டரின் ஒயரையும் இவர்கள் கம்ப்யூட்டரின் ஒயரையும் பிடுங்கி இடம் மாற்றிச் செருகினேன். வீடியோ கால் கட்டானது. எல்லோரும் "ஐயோ" என்றார்கள். மறுபடி கூப்பிட்டோம். மாப்பிள்ளையின் முகம் அசைந்தது, குரல் பக்கத்துத் தெருவிலிருந்து பேசுவது போல வந்தது. நான் கைதட்டியே விட்டேன்.

பெண் மைக்கைப் பிடித்தாள். "கல்யாணத்துக்கு அப்பறமும் நான் நர்ஸ் வேலைய விட மாட்டேன். அங்க வந்தும் பாப்பேன். ஒங்களுக்குச் சம்மதமா?"

பதிலே இல்லை. "லைன் போயிடுச்சா?" என்று அத்தை என்னை இடித்தார். திரையில் மாப்பிள்ளை கண் சிமிட்டிக்கொண்டிருந்தார். லைன் போகவில்லை, ஆள் யோசிக்கிறார்.

"வேலைய விட்டாதான் கல்யாணம்னு சொன்னது எங்க அப்பா. நான் சொல்லல. எனக்குச் சம்மதம்."

ஒரு எழுத்துக்கூட உடையாமல் கடை முழுக்கக் கேட்டது. மாப்பிள்ளையின் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "லைன் சரியில்ல போலருக்குது" என்றார்.

"லைன் சூப்பரா இருக்குது மாமா" என்றாள் பெண். "தட்ட எடுங்க."