சின்னாயி தலையில் காற்றுப்பெட்டி

மல்லசமுத்திரத்துப் பச்சமுத்து மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீரைக் கவலையில் இறைக்கிறவன். கிணற்றுமேட்டில் மாடுகளை முன்னும் பின்னும் நடத்திக்கொண்டு அவன் பாட்டெடுத்தால் அடுத்த தோட்டத்து மாடும் சேர்ந்து நடக்கும் என்பார்கள். அந்த நெஞ்சில்தான் காசநோய் வந்து குடியேறியது. டவுன் ஆஸ்பத்திரிக் கொட்டகையில் மயில்சாமி டாக்டர் பதினைந்து நாளுக்கொருமுறை அவன் விலா இடுக்கில் ஊசி செருகிக் காற்று ஏற்றுவார். புண்பட்ட நுரையீரல் அமுங்கி ஓய்ந்து கிடந்தால் ஆறிவிடுமாம். ஒரு தவணை தவறினால் அது மறுபடி விரிந்துவிடும், எட்டு மாதப் பாடும் வீண்.

முப்பத்தெட்டாம் வருஷம் ஐப்பசியில் வாந்திபேதி வந்தது. கொட்டகையை அந்த நோயாளிகளுக்கு எடுத்துக்கொண்டு, காசக்காரர்கள் பன்னிரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். டாக்டர் ஊர் ஊராக வாந்திபேதி ஊசி போடப் போய்விட்டார். தவணைக்கு வந்த பச்சமுத்துவிடம் கம்பவுண்டர் கையை விரித்தார்.

“டாக்டரு வர மாசமாகுமுங்க. காத்து ஏத்துற பெட்டி மட்டும் இங்க சும்மா கெடக்குது.”

“அப்பக் குடுங்க. நாங்களே அவருகிட்டக் கொண்டுபோறோம்” என்றாள் அவன் பெண்டாட்டி சின்னாயி. இரண்டு கண்ணாடிப் புட்டியும் ரப்பர் குழாயும் தெரிகிற அந்தத் திறந்த பெட்டியைச் சும்மாடு வைத்துத் தலையில் ஏற்றிக்கொண்டாள்.

இங்கேதான் வேடிக்கை. வாந்திபேதிகூடத் தேவலை, ஊசி மட்டும் வேண்டாம் என்றிருந்தது சனம். புட்டி பளபளப்பதைக் கண்டதும் ஊசிக்காரர்கள் வந்துவிட்டார்கள் என்று சோளக்காட்டுக்குள் பாய்ந்தது. டாக்டர் எந்தப் பக்கம் போனார் என்று கேட்க ஒரு ஆள் நின்றால்தானே? மூன்று ஊரிலும் இதே கதை. ஓரிடத்தில் கல்யாணப் பந்தியே எச்சில் கையோடு எழுந்து ஓடியது, மாப்பிள்ளை முதல் ஆளாக. பச்சமுத்து விழுந்து விழுந்து சிரித்தான். சிரிக்கச் சிரிக்க மூச்சு வாங்கியது. சின்னாயி நடையை எட்டிப் போட்டாள்.

“சிரிக்காதீங்க. இன்னிக்கோட கெடு முடியுதுங்க.”

நான்காவது ஊரில் வீதியே காலி. புங்கமரத்தடியில் ஒருவர் மட்டும் வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். மயில்சாமி டாக்டர்தான்.

“காலையிலிருந்து ஒரு கைகூடச் சிக்கலை பச்சமுத்து” என்றார் பரிதாபமாக.

“எனக்குப் போடுங்க சாமி.”

கயிற்றுக் கட்டிலில் அவனைச் சாய்த்து, விரல் நீள ஊசியை விலாவில் செருகினார். புட்டித் தண்ணீர் குமிழியிட்டது. சோளத்தட்டுகளுக்கு நடுவே ஒவ்வொரு தலையாக முளைத்தது. பச்சமுத்து எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டதும் பாவாயி என்றொருத்தி துணிந்து வெளியே வந்தாள்.

“வலிக்கலீங்களா?”

“கட்டெறும்பு கடிச்சாப்ல இருந்துச்சுங்க. உங்களுக்கு இதுல கால்வாசி ஊசிதானுங்க.”

பொழுது சாய்வதற்குள் ஊரே கையை நீட்டிவிட்டது. டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை.

“இனி என் வண்டி எங்க நின்னாலும் தவணைக்கு வந்துரு. பெட்டி என்கூடவே இருக்கும்.”

சின்னாயி சும்மாட்டுத் துணியை உதறியவள் அப்படியே நின்றாள்.

“மத்த பதினொரு பேருக்குங்க?”

ஊசி மும்முரத்தில் டாக்டர் அவர்களை மறந்தே போயிருந்தார்.

பச்சமுத்து வண்டியில் ஏறி உட்கார்ந்தான்.

“அவங்க ஊடெல்லாம் எனக்குத் தெரியுமுங்க. மொதல்ல எடப்பாடிக்கு ஓட்டச் சொல்லுங்க. அங்க ஒருத்தருக்கு நாளைக்குக் கெடு.”