ஈய மீனும் பாம் ஷெல்டரும்

"…சும்மா பச்சைப் பசேல்னு எரியுதுண்ணே, அரைச்சு வெச்ச மல்லித்தழை மாதிரி. சனிக்கிழமை போட்ல எனக்கும் ஒரு இடம் சொல்லிடுங்க" என்றார் பாய், இருட்டுக்குள்ளிருந்து.

நான் அவருக்குப் பக்கத்தில் தோள் இடிக்க நின்றுகொண்டிருந்தேன். புக்கிட் மேராவில் அவர் வீட்டு பாம் ஷெல்டர் அது. புதிதாகக் கட்டிய வீடுகளில் குண்டு விழுந்தால் ஒளிந்துகொள்ளலாம் என்று தடித்த சுவரும் இரும்புக் கதவுமாக ஓர் அறை வைத்துக் கொடுக்கிறார்களே, அந்த அறை. குண்டுக்குப் பயந்து யாரும் அதற்குள் போய் நான் பார்த்ததில்லை. அரிசி மூட்டையும் ஓடாத மின்விசிறியும் பெருநாளைக்கு மட்டும் எடுக்கும் பெரிய சட்டிகளும்தான் பத்திரமாக ஒளிந்திருக்கின்றன. வெளியே மத்தியான வெயில் கொளுத்தியது. கதவைச் சாத்தியபிறகு உள்ளே கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒன்றுதான்.

எங்கள் முன்னால் பலகைத்தட்டில், நாங்கள் வார்த்த ஜிக் ஒன்று கிடந்தது. எரிகிறது என்று பாய் சொன்னது அதைத்தான். அது எரியவில்லை. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

பாய்க்கு ஜாலான் புசாரில் ஒரு ஹார்ட்வேர் கடை. ஆணி, கீல், குழாய், பெயின்ட் எல்லாம் கிடைக்கும். கேட்காத புத்திமதியும் கூடவே கிடைக்கும். நான் தேக்கா மார்க்கெட் மாடியில் துணி திருத்தித் தைக்கிறவன். கால்சட்டையைக் குட்டையாக்குவேன், ரவிக்கையைப் பெரிதாக்குவேன். பள்ளிக்கூடம் என்னைப் பாதியில் கைவிட்டது. மீதியை என் தையல் மிஷினுக்கு எதிரே உட்காரும் ஆட்கள்தான் சொல்லிக் கொடுத்தார்கள். "இடுப்பு என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது, நீங்களாவது பாவாடைகிட்ட பேசிப் பாருங்க" என்று ஒரு அம்மா சொன்னார். இந்த மாதிரிப் பேச்சுக்கு நான் கூலியைக்கூட மறந்துவிடுவேன். பாயோடு பழக்கமானதும் பேச்சால்தான். கத்தரிக்கோலுக்குத் திருகாணி வாங்கப் போனவனிடம், "திருகாணி இருக்கு. ஆனா உங்க கத்தரிக்கோலுக்கு வயசாயிடுச்சு, அதை மொதல்ல வீட்டுக்கு அனுப்புங்க" என்றார். பிறகு பேச்சு எப்படியோ மீனுக்குப் போய், அந்த வாரமே நான் அவரோடு போட்டில் இருந்தேன்.

ஜிக் என்பது வேறொன்றுமில்லை, ஈயத்தில் வார்த்த பொய் மீன். கடலடிவரை இறக்கிவிட்டு வெடுக் வெடுக்கென்று மேலே இழுத்தால், பாறை மீன் அதைக் காயம்பட்ட குஞ்சு மீன் என்று நம்பிப் பாயும். கடைகளில் அழகழகாகத் தொங்குகின்றன. ஆனால் வாங்கிய ஜிக்கில் பிடித்த மீனை மீன் என்றே பாய் ஒப்புக்கொள்ள மாட்டார். "அது அடுத்தவன் சமைச்ச சோத்தை நாம பரிமாறுற மாதிரிண்ணே."

ஆகவே நாங்களே வார்த்தோம். கடை மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில், பின்பக்கச் சந்தில். ஒரு வயிறு பெருத்த சிறு மீனை மரத்தில் பாயே செதுக்கியிருந்தார். அதை வைத்துப் பாரிஸ் சாந்தில் இரண்டு பாதி அச்சு எடுத்தார். அச்சு எலும்பு மாதிரிக் காய வேண்டும். உள்ளே ஒரு பொட்டு ஈரம் இருந்தாலும், ஊற்றிய ஈயம் அப்படியே முகத்தில் திருப்பித் துப்பும். இந்த ஊர்க் காற்றில் எது காய்கிறது? மழைக்கும் வெயிலுக்கும் நடுவில் அச்சைத் தூக்கிக்கொண்டு பாய் வராந்தாவில் ஓடுவார். அவர் மனைவி என்னைப் பார்த்தால் போதும், "அண்ணே, எல்லார் வீட்டுலயும் அப்பளம் காயுது, எங்க வீட்டுல சுண்ணாம்பு காயுது. நீங்கதானே இவரைக் கெடுக்குறது?" என்று பிடித்துக்கொள்வார்.

"நான் தையக்காரன்மா, எனக்கும் ஈயத்துக்கும் என்ன?"

"அப்புறம் யாரு கொக்கிக்கு நூல் கட்டுறது? உங்க கட்டு எனக்குத் தெரியாதா?"

உண்மைதான். கொக்கியைக் கயிற்றோடு சேர்த்து நூல் சுற்றிக் கட்டுவது என் வேலை. மற்றதெல்லாம் பாய். டயர் கடையில் கழித்துப்போட்ட ஈயக்கட்டிகளை உருக்குவார், மேலே மிதக்கும் அழுக்கை வழிப்பார், மெழுகுவத்திச் சுடரில் அச்சின் உள்பக்கத்தைக் கரியாக்குவார். கரி பிடித்தால்தான் ஈயம் வால்வரை ஓடுமாம். பிறகு அச்சின் தலைத் துளையில் ஒரே ஊற்று. நிறுத்தி ஊற்றினால் மீன் பாதியில் நின்றுவிடும். அப்படி நின்றதை இடுக்கியில் தூக்கிக் காட்டி, "வால் இல்லாமப் பொறந்துடுச்சு, பாவம். மறுபடி வயித்துக்குள்ளேயே போ" என்று சட்டியில் போடுவார்.

கடைசி வேலை பவுடர். ஜிக்கைச் சுடவைத்து, இருட்டில் ஒளிரும் பச்சைப் பவுடரில் முக்கி எடுக்க வேண்டும். இரவில் ஆழத்துக்குப் போகும் ஜிக் தானாக எரிந்தால்தான் மீனுக்குத் தெரியும். பவுடர் நன்றாகப் பிடித்ததா என்று பார்க்க பாம் ஷெல்டரைவிடத் தோதான இடம் கிடையாது. டார்ச்சைக் கொஞ்ச நேரம் ஜிக்மேல் காட்டி அணைத்தால், குடித்த வெளிச்சத்தைப் பச்சையாகத் திருப்பித் தரும். பெரிய ஆட்கள் இரண்டு பேர் அரிசி மூட்டைக்கு நடுவில் கதவைச் சாத்திக்கொண்டு ஈயத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்போம்.

அவர் கண்ணில் கோளாறு என்று எனக்குத் தெரிந்தது அந்தச் சந்தில்தான். ஊற்றும் ஈயம் துளைக்குப் பக்கத்தில் விழ ஆரம்பித்தது. "அச்சு நகருதுண்ணே" என்றார். அச்சு இடுக்கிப் பிடியில் இறுகி இருந்தது. அடுத்த வாரமும் அச்சு நகர்ந்தது. அதற்கடுத்து ஒரு நாள் கரண்டியை என் பக்கம் நீட்டி, "நீங்களும் பழகிக்கணும்ல" என்றார். அதற்குமேல் அவர் ஊற்றவில்லை. வார்த்த மீனின் ஓரம் தேய்ப்பதை மட்டும் விடாமல் செய்தார், விரலால் தடவித் தடவி.

சர்க்கரை கண்ணுக்கு ஏறிவிட்டது. லேசர் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னதை, ஏதோ குழாய் அடைப்பைச் சொல்வதுபோல் பாய் எனக்குச் சொன்னார். பகலில் எப்படியோ ஒப்பேற்றிவிடலாம். வெளிச்சம் குறைந்தால் கறுப்புத் துணி போட்டு மூடியதுபோல் ஆகிவிடுகிறதாம். இந்த இருட்டு விஷயத்தை மனைவியிடம் சொல்லவில்லை. "சொன்னா கடல் போச்சு" என்றார். "கடைக்குப் போறேன், பள்ளிவாசலுக்குப் போறேன், வீட்டுக்கு வர்றேன். இதெல்லாம் போகவேண்டிய எடம். நானா ஆசைப்பட்டுப் போற எடம் அது ஒண்ணுதாண்ணே."

போனமுறை அந்தி சாயும் நேரத்தில் போட்டில் ஏறும்போது, படித்துறைக்கும் போட்டுக்கும் நடுவில் காலை வைத்துவிட்டார். கீழே தண்ணீர். நான் சட்டையைக் கொத்தாகப் பிடித்தேன், இன்னொருவர் கையைப் பிடித்தார். ஏறியபிறகு, "சட்டை கிழிஞ்சா நீங்களே தைச்சுக் குடுத்துடுவீங்க, அந்தத் தைரியம்தான்" என்று சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். அன்று இரவு முழுக்க அவர் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவே இல்லை.

அதற்குப் பிறகுதான் இந்த ஏற்பாடு. ஒரு நாள் மாடியேறி என் கடைக்கு வந்தார். நான் மடித்துக்கொண்டிருந்த வேட்டியைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார்.

"ஒரு டெஸ்ட் வெச்சுக்குவோம்ண்ணே. அந்தப் பச்சை வெளிச்சம் எனக்குத் தெரிஞ்சா சனிக்கிழமை போட்டுக்கு வர்றேன். தெரியலன்னா நீங்க வேற ஆளைக் கூட்டிட்டுப் போங்க. நானா கேக்க மாட்டேன். இனிமே எப்பவும் கேக்க மாட்டேன்."

"டாக்டர் பாக்குற டெஸ்ட் போதாதா பாய்?"

"டாக்டர் எழுத்தைத்தானே காட்டுறாரு? எனக்கு எழுத்து எதுக்குலா?"

எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. அவர் முகத்தில் பரீட்சைக்குப் போகிறவனின் பயம் இருந்தது. ஆனால் இந்தப் பரீட்சைக்குப் படிக்க ஒன்றும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அவர் சவரம் செய்து, வெள்ளிக்கிழமைச் சட்டை போட்டிருந்தார். "ஜிக்கைப் பாக்கவா, பொண்ணு பாக்கவா?" என்று அவர் மனைவி கேட்டார். பாய் சிரித்த சிரிப்பில் ஒரு அவசரம். என் கையைப் பிடித்து ஷெல்டருக்குள் இழுத்தார். நான் கதவைச் சாத்தியதும் தகர டப்பாவைத் திறந்து, தடவி, ஒரு ஜிக்கை எடுத்துத் தட்டில் வைத்தார். பச்சைப் பசேலென்று எரிகிறது என்றார்.

டப்பா. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூடிய டப்பாவுக்குள் நாள்கணக்கில் கிடந்த ஜிக், வெளிச்சத்தைக் கண்ணால் கண்டதே இல்லை. டார்ச் காட்டாமல் அது எப்படி எரியும்? எனக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். கதவைச் சாத்தும் பதற்றத்தில் இரண்டு பேருமே மறந்துவிட்டோம்.

'ஆமாம் பாய், நல்லா எரியுது' என்று சொல்லியிருக்கலாம். சனிக்கிழமை அந்தியில் அவர் மறுபடி அந்தப் படித்துறையில் நின்றிருப்பார். சட்டையின் கொத்து என் கையில் இந்த முறையும் சிக்குமா என்று யாருக்குத் தெரியும்.

"என்னண்ணே, பேச்சையே காணோம்?"

"பாய், நாம டார்ச் காட்டலை."

வெளியே அவர் மனைவி வெங்காயம் நறுக்கும் சத்தம் இரும்புக் கதவைத் தாண்டி மெல்லக் கேட்டது.

"காட்டலையா?"

"காட்டலை. டப்பாலேர்ந்து நேரா வெச்சுட்டோம்."

"அப்ப இது…"

"எரியலை பாய்."

திட்டுவார் என்று நினைத்தேன், இல்லை சிரித்து மழுப்புவார் என்று நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை. கடையில் வாடிக்கையாளரிடம் பேசும் குரலில், "சரி, இப்பக் காட்டுங்க" என்றார்.

டார்ச்சை ஜிக்மேல் காட்டினேன். அந்த வெளிச்சத்தின் ஓரத்தில் அவர் முகம் தெரிந்தது. வேர்த்திருந்தது. கண்களை அகல விரித்து வைத்திருந்தார், விரித்தால் கூடுதலாகக் கொள்ளும் என்பதுபோல. வழக்கத்தைவிட அதிக நேரம் காட்டினேன். பிறகு அணைத்தேன்.

ஜிக் எரிந்தது. நாங்கள் வார்த்ததிலேயே அப்படி ஒன்று எரிந்து நான் பார்த்ததில்லை. வயிறு, வால், கண்ணுக்காக அவர் குத்திவைத்த சின்னப் புள்ளிவரை எல்லாம் தெரிந்தது. பக்கத்திலிருந்த அரிசி மூட்டையின் மடிப்புகூடப் பச்சையாகத் தெரிந்தது.

இந்த முறை பாய் எரிகிறது என்று சொல்லவில்லை. கையை நீட்டினார். அவருடைய விரல்கள் தட்டுக்குச் சற்று மேலே கறுப்பாக நகர்ந்து வருவதை அந்தப் பச்சை வெளிச்சத்திலேயே பார்த்தேன். ஜிக்கை மறைத்தன, அதற்குமேலாகவே கடந்து போயின, ஜிக் மறுபடி எரிந்தது. விரல்கள் தட்டின் விளிம்புவரை காற்றைத் தடவிக்கொண்டே போயின.