செல்ஃபி மதினி

போன வெள்ளிக்கிழமை ராஜபாளையத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த இளம்பெண், என் கணவர் வழியில் தூரத்துச் சொந்தம், சோற்றில் ரசத்துக்குக் குழி பறித்துக்கொண்டே கேட்டாள்:

"நீங்கதான அந்த செல்ஃபி மதினி?"

கேட்டபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பாவம், அவள் என்ன செய்வாள்? என் முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள் போலிருக்கிறது.

'செல்ஃபி' பட்டம் கொடுத்தவர் என் கணவரின் அக்கா. போன வருடம், என் கணவர் இறந்த அன்று காலையில் கொடுத்தார். கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸுக்குத் தம்பியின் படம் வேண்டும் என்று என் போனை வாங்கினார். தள்ளினார், தள்ளினார்... முழுக்க என் முகம். ஆஸ்பத்திரி பெஞ்சில் நான். வாஷ்பேசின் கண்ணாடியில் நான். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் நான்.

"தம்பி சாகக் கெடக்கான். இவ அங்கன போயி செல்ஃபி எடுத்து வெளயாண்டிருக்கா" என்றார். அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

நோயாளியின் மனைவி எப்படி இருக்க வேண்டும் என்று ஊருக்கு ஒரு நினைப்பு இருக்கிறது. தலை கலைந்திருக்கலாம். கண் வீங்கியிருக்கலாம். கையில் போன் மட்டும் இருக்கக் கூடாது.

கடைசியில் பீரோவிலிருந்து பழைய போலீஸ் யூனிஃபார்ம் படத்தை எடுத்துக் கொடுத்தார்கள். தெருமுனை ஃப்ளெக்ஸில் முறுக்கு மீசையோடு நின்றவர் எனக்கே யாரோ மாதிரி இருந்தார்.

அன்று நான் வாய் திறக்கவில்லை. இப்போது சொல்கிறேன்.

பதினான்கு மாதம், செவ்வாயும் வெள்ளியும், ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ராஜபாளையத்துக்கு டயாலிசிஸுக்குப் போய்வந்தோம். அவரை மெஷினில் போட்டுவிட்டால் எனக்கு நாலு மணி நேரம் வெளியே பெஞ்ச். இந்தப் பத்திரிகையில் நீங்கள் படிக்கும் என் நகைச்சுவைப் பத்தியையும் அந்த பெஞ்சில்தான் எழுதினேன். படித்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்ததாக நீங்கள் கடிதம் போட்டீர்கள்!

ஒருநாள் போனில் கை தவறி முன்பக்க கேமரா திறந்துகொண்டது. யார் இந்தக் கிழவி? பயந்தே போனேன். கிளிக் செய்தேன். ஏனோ மனசு கொஞ்சம் லேசானது. ஆஸ்பத்திரியில் அழுவதற்கு எங்கே இடம் இருக்கிறது? அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் ஒரு படம்.

அவர் தன்னைப் படமெடுக்க விடமாட்டார். கண்ணாடி பார்ப்பதையே விட்டுவிட்டார். ஆனால் வீடு திரும்பியதும் கையை நீட்டுவார்: "இன்னைக்கு எடுத்ததக் காட்டு."

ஏன் தெரியுமா? பார்க்க வந்தவர்கள் "நல்லாத் தேறிட்டிய" என்று சொல்லி இளநீரை வைத்துவிட்டுப் போனார்கள் — கிட்னி போனவருக்கு இளநீர் ஆகாது என்பதைக்கூடக் கேட்டுத் தெரிந்துகொள்ளாத பாசம். டாக்டர் பூசி மெழுகினார். இவரோ ரிட்டையர்டு ஏட்டு. முப்பது வருடம் பொய் சொல்கிறவர்களின் முகத்தையே பார்த்தவர். என் முகம்தான் அவருக்கு ரிப்போர்ட்.

ஒரு வெள்ளிக்கிழமை டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இதயமும் களைத்துவிட்டது, இனி நாள் கணக்குதான் என்றார். நான் முகம் கழுவி, பக்கத்து பெஞ்ச் பெண்ணிடம் பவுடர் கேட்டுப் பூசி, பல் தெரியச் சிரித்து ஒரு படம் எடுத்தேன்.

சாயங்காலம் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"பவுடர் போட்டிருக்கியே?"

"வேர்த்துச்சு... அதான்."

"சரி. எம்புட்டு நாளாம்?"

நான் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. "அக்காட்ட சொல்லிராத. பொறவு மறுபடி இளநீயத் தூக்கிட்டு வந்துருவா" என்றார். ஒன்பதாம் நாள் போய்விட்டார்.

எனக்குப் பட்டம் கொடுத்த மதினி, இதை நீங்கள் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் தம்பி படம் ஒன்றுகூட என் போனில் இல்லை என்றீர்களே... அந்தப் பதினான்கு மாதம் அவர் எப்படி இருந்தார் என்பதற்கு என் மூஞ்சியை விட்டால் வேறு படம் கிடையாது.

செவ்வாயும் வெள்ளியும் இன்னும் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். அந்தக் கல்யாண வீட்டிலும் எடுத்தேன், பவுடர் அப்பிக்கொண்டு, பல் தெரியச் சிரித்து.

கண்டுபிடிக்கத்தான் ஆள் இல்லை.