வால் முடியாத வங்காநரி

மலிவான நீர்வண்ணக் கட்டியில் தண்ணீர் பட்டதும் எழும் கோந்து வாசனை இன்றும் மூக்கில் ஏறினால், கூடவே எனக்கு நரியின் மூத்திர நாற்றமும் வந்துவிடுகிறது. அன்றைக்குச் சோறு இறங்காது.

அயோத்தியாப்பட்டணம் தாண்டி இருக்கிறது எங்கள் ஊர். காணும் பொங்கலன்று காட்டில் வலை கட்டி "வங்காநரி" ஒன்றை உயிரோடு பிடித்து, கடிக்காதபடி வாயைக் கயிற்றால் கட்டி, மாலை போட்டு மாரியம்மன் கோயிலைச் சுற்றி வருவார்கள். அதன் முகத்தில் முழித்தால் வெள்ளாமை பொய்க்காது என்று நம்பிக்கை. எல்லோரும் பார்த்தபின் அன்றைக்கே அவிழ்த்து விட்டுவிடுவார்கள். நான் ஆறாவது படித்த வருஷம், பண்டிகையன்று ஃபாரஸ்ட்காரர்கள் வந்து காட்டில் வலை கட்ட விடமாட்டார்கள் என்று பேச்சு அடிபட, பெரியப்பா இரண்டு நாள் முன்னதாகவே ஒன்றைப் பிடித்து வாயைக் கட்டிக் கொண்டுவந்து, எங்கள் மாட்டுக் கொட்டாயில் கோழி அடைக்கும் "பஞ்சாரத்தை" அதன்மேல் கவிழ்த்து வைத்தார்.

எனக்கோ ஒரே கொண்டாட்டம்! வண்ணப் பெட்டியோடு போய் எதிரே உட்கார்ந்துவிட்டேன். நரி ஆடாமல் அசையாமல் இருந்தது. அசையத் தெம்பில்லை என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை; படத்துக்குச் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது என்றே நினைத்தேன். அந்தக் கயிறு அசிங்கமாக இருந்ததால் அதை விட்டுவிட்டு வெறும் வாயை வரைந்தேன். ஒருமுறை ஈரத் தூரிகையைப் பஞ்சாரத்துக்குள் நீட்டியபோது, கட்டிய வாயின் இடுக்கில் நாக்கு நுனி வந்து அந்த ஈரத்தைத் தொட்டது. அப்போதும் எனக்குப் புரியவில்லை.

மறுநாள் சாயங்காலம் எட்டிப் பார்த்த பெரியப்பாவுக்கே மனசு கேட்கவில்லை. "பாவம், வாயில்லாச் சீவன். விட்டுடலாம் சாமி. ராத்திரிக்குள்ள வேற ஒண்ணு சிக்காமயா போயிடும்?" என்றார். "வாலு இன்னும் முடியல பெரியப்பா" என்று நான் தரையில் புரண்டு அழுதேன். பிள்ளை அழுகிறதே என்று அவரும் பஞ்சாரத்தைத் தூக்காமலே போய்விட்டார். அதற்குள் இருட்டிவிட்டது, காலையில் வரைந்துகொள்ளலாம் என்று தூங்கப் போனேன். நான் எழுவதற்குள் மேளத்தோடு வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

மூன்று சுற்று முடிந்து கயிற்றை அவிழ்த்ததும் ஊரே "ஓடு, ஓடு" என்று கத்தியது. நாலு எட்டு வைத்தது. வரப்போரம் படுத்தது. பிறகு எழவேயில்லை. என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை; திட்டித் தீர்த்திருக்கலாம்.

இப்போது நரி பிடிக்கக் கூடாது. பிடிக்க நரியும் இல்லை. வலை கட்டிய காடெல்லாம் வீட்டு மனையாகிக் கல் நட்டாயிற்று. அதனால் காணும் பொங்கல் விடிந்தால் ஊர்க்காரர்கள் என் வீட்டுக்கு வந்து, சுவரில் மாட்டிய அந்தப் படத்தின் முகத்தில் முழித்துவிட்டுப் போகிறார்கள். கதவைத் திறந்துவிட்டு, டீ போட்டுக் கொடுத்து, வருஷா வருஷம் அதே பேச்சைக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. "அப்படியே உசுரோட இருக்குதுங்க டீச்சர்" என்பார்கள். "ஆமாங்க" என்பேன்.

இந்த வருஷம் பக்கத்து வீட்டுக்காரர் படத்துக்குக் கிட்டே போய், "ஏனுங்க, வாலு மட்டும் பென்சில் கோடாவே நிக்குது?" என்றார். நேரமில்லை என்று சொல்லி வைத்தேன். நேரமா இல்லை! கறுப்பைத் தொட்டு இழுத்தால் ஒரு நிமிஷ வேலை. அந்த வாலுக்காகத்தான் அதை விடாமல் வைத்திருந்தேன். அந்த வாலைத்தான் இன்றுவரை என்னால் வரைய முடியவில்லை.